குரு வராத ஞாயிறு

டீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி: டீச்சர், போன இதழில் தென்னாப்பிரிக்காவின் பெனடிக்ட் தாஸ்வா என்ற தலைமையாசிரியரைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அவர் குருவானவரும் இல்லை, துறவியும் இல்லை, என்னைப் போலப் பாடக்குறிப்பு எழுதிய மனிதர். அவரைப் புனிதராக்குவது பற்றிப் பேசுகிறார்கள் என்றால், அவருடைய நற்கருணைப் பக்தி, பூசையில் ஒப்புக்கொடுத்த அப்பத்தின் மீதான பக்தி, எப்படிப்பட்டது? மணிக்கணக்காக அதன் முன் ஆராதனையில் உட்கார்ந்திருப்பாரா? எனக்கு வாரத்தில் அரை மணி நேரம் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது.
(தொடக்கப்பள்ளி ஆசிரியை, செங்காங்)

பதில்: இந்த முறை விரிவாகவே எழுதுகிறேன். மற்றக் கேள்விகளுக்கு இடம் குறைந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தாஸ்வா 1946 ஜூன் 16 அன்று ம்பாஹே என்ற கிராமத்தில் பிறந்தார். தென்னாப்பிரிக்காவின் வடகோடியில், இன்றைய லிம்போபோ மாநிலத்தில் இருக்கிறது அந்த ஊர். அவர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை இல்லை. பள்ளி விடுமுறையில் ஜோகன்னஸ்பர்க் போன இடத்தில் இந்த விசுவாசம் அவரைத் தொட்டது. ஊருக்குத் திரும்பி, மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் பெனடிக்ட் ரிசிமாத்தி என்ற உபதேசியாரிடம் பாடம் கேட்டார். கோவில் கட்டடம் ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அத்திமரத்தடியில் கூடுவார்கள். வகுப்பும் அங்கேதான், ஜெபமும் அங்கேதான். 1963 ஏப்ரல் 21 அன்று ஞானஸ்நானம் பெற்றபோது பெனடிக்ட் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அந்த உபதேசியாரின் பெயரும் அதுவே, துறவி பெனடிக்டின் பெயரும் அதுவே. நம் பெரியவர்கள் ஆசீர்வாதம் என்று பிள்ளைக்குப் பெயர் வைப்பார்களே, அதே பெயர்தான். "ஜெபி, உழை" என்ற அந்தத் துறவியின் வழியைத் தன் வழியாகவும் வைத்துக்கொண்டார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மணிக்கணக்கான ஆராதனை என்று நீங்கள் நினைப்பது நம் சிங்கப்பூர்ப் பழக்கத்தை வைத்து. நமக்கு எம்ஆர்டி ரயிலில் நான்கு நிறுத்தம் போனால் ஒரு கோவில், அதில் குளிர்சாதனம், நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் அணையாத விளக்கு. காலைப் பூசை தவறினால் மாலைப் பூசை. ம்பாஹே போன்ற ஊர்களுக்குக் குருவானவர் எல்லா ஞாயிறும் வர முடியாது. வராத ஞாயிறிலும் மக்கள் கூடுவார்கள். வாசகம் படிப்பார்கள், பாடுவார்கள், நோயாளிகளுக்காக ஜெபிப்பார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் தாஸ்வா ஒருவர். அந்த வழிபாட்டில் அப்பமும் இரசமும் ஒப்புக்கொடுக்கப்படுவதில்லை. குரு இல்லாமல் அது நடக்காது. பந்தியில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு வராமல் உட்கார்ந்திருப்பது போல என்று யாராவது சொல்லலாம். ஆனால் யாரும் இலையை மடிக்கவில்லை, கவனியுங்கள். அடுத்த வாரமும் வந்தார்கள், அதற்கடுத்த வாரமும் வந்தார்கள். அந்தக் காத்திருப்பை நான் நற்கருணைப் பக்தி என்றே சொல்வேன். வாரம் ஐந்து நாள் பூசையில் நன்மை, அதாவது அந்த நற்கருணை அப்பம், வாங்குகிற எனக்கு அந்தப் பசி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளும்போதெல்லாம் தாஸ்வா நினைவுக்கு வருகிறார்.

அந்தப் பகுதியின் முதல் கத்தோலிக்கக் கோவிலை நுவேலி என்ற இடத்தில் கட்ட அவரும் கை கொடுத்தார். அங்கேயே உள்ள தொடக்கப்பள்ளிக்கு 1979 முதல் அவர்தான் தலைமையாசிரியர். ஒரு பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்றால் வீட்டுக்கே போய் ஏன் என்று கேட்பார். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகள் அவருடைய காய்கறித் தோட்டத்தில் வேலை செய்து அந்தப் பணத்தை ஈட்டிக்கொள்ளலாம். இதை நான் மிகவும் மதிக்கிறேன். இலவசமாகக் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை தலைகுனிந்து வாங்கியிருக்கும். மண்வெட்டியைக் கையில் கொடுத்ததால் நிமிர்ந்து வாங்கியது. வீட்டிலும் அப்படித்தான். மனைவியோடு சேர்ந்து வீட்டு வேலை செய்வார், குழந்தைத் துணி துவைப்பார். ஊர் ஆண்கள் கேலி செய்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

அவர் ஒரு காற்பந்துக் குழுவுக்கும் பயிற்சி கொடுத்தார். தோற்றுக்கொண்டே இருந்த விளையாட்டாளர்கள், மந்திர மருந்து வாங்கி வைத்துக்கொண்டு ஆடலாம் என்றார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. விலகிப்போய் வேறு குழு தொடங்கினார். பின்னால் வரப்போவதற்கு அது முன்னோட்டம்.

1990 ஜனவரி கடைசியில் அந்த ஊரில் இடி விழுந்து சில குடிசைகள் எரிந்தன. இடி தானாக விழாது, யாரோ சூனியம் வைத்து ஏவிவிட்டார்கள் என்பது ஊர் நம்பிக்கை. ஊர்த்தலைவர் கூட்டத்தில் முடிவானது: ஆளுக்கு 5 ராண்டு போட்டு, குறி சொல்பவரிடம் போய், சூனியக்காரர் யார் என்று கேட்பது. அன்றைய மதிப்பில் 5 ராண்டு என்றால் ஏறத்தாழ 2 அமெரிக்க டாலர். முடிவு எடுத்த பிறகுதான் தாஸ்வா கூட்டத்துக்கு வந்து சேர்ந்தார். இடி என்பது இயற்கை என்று எடுத்துச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. என் விசுவாசம் இதற்கு இடம் கொடுக்காது, நான் பணம் தரமாட்டேன் என்றார்.

அந்தக் காசை எறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று நம்மில் பலருக்குத் தோன்றும். ஆனால் அந்தக் காசு எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். குறி சொல்பவர் ஒரு பெயரைச் சொல்வார். பெரும்பாலும் அது கேட்பாரற்ற ஒரு கிழவியின் பெயராக இருக்கும். ஊர் அவரை அடித்து விரட்டும், சில சமயம் எரித்தே விடும். அந்த விறகில் ஒரு குச்சி தன்னுடையதாக இருக்கக் கூடாது என்று நினைத்தார் தாஸ்வா.

பிப்ரவரி 2. வெள்ளிக்கிழமை. நம் வழக்கில் தலைவெள்ளி, மாதத்தின் முதல் வெள்ளி. ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழாவும் அன்றுதான். மனைவியின் சகோதரியையும் அவருடைய நோயுற்ற குழந்தையையும் மருத்துவரிடம் காரில் அழைத்துப் போய் வந்தார். வழியில் ஒரு மனிதர், சோளமாவு மூட்டையோடு, பக்கத்து ஊருக்கு விட முடியுமா என்று கேட்டார். குழந்தையை வீட்டில் இறக்கிவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு, அவரைக் கொண்டுபோய் விட்டார். திரும்பும்போது இருட்டிவிட்டது. சாலையின் குறுக்கே மரம் வெட்டிப் போடப்பட்டிருந்தது. அகற்ற இறங்கியதும் நாலா பக்கமிருந்தும் கல். இரத்தம் வழிய ஓடி, ஒரு பெண்ணின் சமையல் குடிசைக்குள் ஒளிந்தார். அந்தப் பெண்ணைக் கொன்றுவிடுவோம் என்று கும்பல் மிரட்டியது. தாஸ்வா வெளியே வந்தார். இறைவா, என் ஆவியை உம் கைகளில் ஏற்றுக்கொள்ளும் என்று ஜெபித்தார். தடியால் தலையில் அடித்தார்கள். அதற்கு மேல் நடந்ததை எழுத எனக்கு மனம் இல்லை. 43 வயது. மனைவியின் வயிற்றில் இருந்த எட்டாவது பிள்ளை நான்கு மாதம் கழித்துப் பிறந்தது.

அதே நாளில்தான் தென்னாப்பிரிக்க அதிபர் டி கிளார்க், மண்டேலாவின் கட்சி மீதிருந்த தடையை நீக்குவதாக அறிவித்தார். உலகம் முழுவதும் அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது. 10ஆம் தேதி அடக்கப் பூசையில் குருக்கள் சிவப்பு உடை அணிந்தார்கள், விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த மறைசாட்சிகளுக்கு உரிய நிறம். மறுநாள் மண்டேலா விடுதலை.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. நான் ஆசிரியை ஆகிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கும். எங்கள் பள்ளியில் ஒரு வகுப்பில் 10 வெள்ளி காணாமல் போனது. வீட்டில் சிரமப்படுகிற ஒரு பையன், தொடக்கநிலை 5, அவன்தான் எடுத்திருப்பான் என்று ஆசிரியர் அறையில் பேச்சு. அவன் என் தமிழ் வகுப்புப் பையன். கீழே கிடந்த என் பேனா மூடியைக்கூட ஓடிவந்து கொடுப்பவன். அவன் எடுத்திருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஆனால் எல்லாரும் மூத்தவர்கள், நான் வாய் திறக்கவில்லை. அவனை வகுப்பு முன்னால் நிற்க வைத்துப் பையைக் கொட்டச் சொன்னார்கள். ஒரு அழிப்பான், இரண்டு பென்சில், பாதி தின்ற ரொட்டி விழுந்தது. பணம் அப்புறம் வேறோர் ஆசிரியரின் பதிவேட்டுக்குள் இருந்து கிடைத்தது. யாரும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நான் உட்பட. அவன் பையைக் கொட்டிய அன்று மாலை நான் பூசைக்குப் போனேன். நன்மையும் வாங்கினேன். ஆமென் என்று சொன்ன அதே வாய்தான் காலையில் மூடியிருந்தது.

தாஸ்வாவின் கதையைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்த ரொட்டித் துண்டுதான். அதனால் உங்கள் அரை மணி நேரத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அது போதும். ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்த அரை மணியில் உங்கள் வகுப்புப் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள். ஒவ்வொரு பெயராக ஆண்டவர் முன்னால் வாசியுங்கள். ஏதோ ஒரு பெயர் வரும்போது நெஞ்சு உறுத்தும். திங்கட்கிழமை காலை அந்தப் பிள்ளையிடம் முதலில் போங்கள். நான் காலம் கடந்து ஆரம்பித்தேன், நீங்கள் இப்போதே ஆரம்பிக்கலாம்.

கேள்வி: தாஸ்வாவைப் "புனித" பெனடிக்ட் என்று சொல்லலாமா? இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர் என்றெல்லாம் சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?
(வாசகர், பிடோக்)

பதில்: இன்னும் சொல்ல முடியாது. அவர் இப்போது அருளாளர். மறைமாவட்டம் விசாரணையைத் தொடங்கியதும் ஒருவர் இறை ஊழியர். அவருடைய நற்பண்புகள் வீரத்துக்குரியவை என்று ரோம் ஏற்றால் வணக்கத்துக்குரியவர். பிறகு அவர் பரிந்துரையால் நடந்த ஒரு புதுமை, அதாவது அற்புதம், உறுதியானால் அருளாளர், இன்னொரு புதுமை உறுதியானால் புனிதர். விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட மறைசாட்சிக்கு அருளாளர் பட்டத்துக்குப் புதுமை தேவையில்லை. தாஸ்வா மறைசாட்சியே என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரியில் ஏற்றார். அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று லிம்போபோவில் திறந்தவெளியில் அருளாளர் பட்டம் கொடுக்கப்பட்டது. புனிதர் பட்டத்துக்கு இனி ஒரு புதுமை வேண்டும். அவருடைய நினைவு நாள் பிப்ரவரி 1.

குருவோ துறவியோ அல்லாத பொதுநிலை ஆசிரியர்கள் புனிதராக முடியுமா என்ற சந்தேகமும் உங்கள் கடிதத்தில் இருந்தது. 2025 அக்டோபர் 19 அன்று திருத்தந்தை லியோ புனிதர் பட்டம் கொடுத்தவர்களில் ஒருவர் வெனிசுவேலாவின் ஹோசே கிரெகோரியோ எர்னாண்டஸ். கராகஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்பித்தவர், ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர். 1919இல் ஓர் ஏழை நோயாளிக்கு மருந்து வாங்கிக்கொண்டு தெருவைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார். அதே நாளில் புனிதரான இன்னோர் ஆசிரியரைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா, நான் இந்து. எதிர்வீட்டுக் கத்தோலிக்கப் பாட்டி விடியற்காலையில் எழுந்து கோவிலுக்குப் போகிறார். ஒருநாள் துணைக்குப் போனேன். பாட்டும் இல்லை, மந்திரமும் இல்லை. தங்கக் கதிர் மாதிரி ஒரு பாத்திரத்தில் வட்டமாக வெள்ளையாக ஏதோ இருந்தது, எல்லாரும் அதைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அது என்ன? பாட்டியிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
(வாசகி, தோ பாயோ)

பதில்: கூச்சப்படாமல் கேளுங்கள், பாட்டி மகிழ்ந்துபோவார். அந்தப் பாத்திரத்தின் பெயர் கதிர்ப்பாத்திரம். நடுவில் இருப்பது ஓஸ்தி: கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்து, புளிக்க வைக்காமல் சுட்ட மெல்லிய அப்பம். பூசையில் குருவானவர் இயேசுவின் சொற்களைச் சொல்லி அதை ஒப்புக்கொடுத்த பிறகு, அது இயேசுவே என்று நாங்கள் விசுவசிக்கிறோம். அடையாளமாக, நினைவாக என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. அவரே. அதனால்தான் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். மருத்துவமனையில் அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்போமே, அந்த மாதிரி.

எவ்வளவு தூரம் விசுவசிக்கிறோம் என்று காட்ட ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். எங்கள் பங்குக் கோவிலில் பீடத் துணிகளைத் துவைக்கிற முறை எனக்கும் வரும். திருக்கிண்ணம் துடைத்த வெள்ளைத் துணிகளை நேராகச் சலவை இயந்திரத்தில் போடமாட்டேன். அப்பத்தின் ஒரு துகளோ இரசத்தின் ஒரு சொட்டோ ஒட்டியிருக்கலாம். முதலில் ஒரு தனிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கையால் மெதுவாக அலசுவேன். அந்தத் தண்ணீரைக் குழாய்த் தொட்டியில் ஊற்றக் கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும். நான் இருப்பது ஒன்பதாவது மாடி. எனவே வீட்டு வாசல் நடைபாதையில் வைத்திருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றுவேன். ஊற்றும்போது தொட்டியில் செருப்பு படாமல் தள்ளி நிற்பேன். பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, என்ன உரம் என்று கேட்டார். என்னால் முடிந்த மாண்டரினில் சாமி தண்ணீர் என்றேன். அன்றிலிருந்து அவர் அந்தத் தொட்டிப் பக்கம் துடைப்பத்தைக் கொண்டுவருவதில்லை.

உங்கள் கோவிலில் பிரசாதத்தைக் கீழே சிந்தாமல் இரண்டு கையாலும் வாங்குவீர்கள் அல்லவா, அந்தப் பயபக்தி உங்களுக்குப் புரியும். நம்பிக்கை வேறு, ஆனால் அந்தக் கை ஒன்றுதான். மறுபடியும் பாட்டியோடு போக விரும்பினால் தாராளமாகப் போய் உட்காரலாம். பூசையில் நன்மை வாங்க மட்டும் வரிசையில் நிற்க வேண்டாம், அது ஞானஸ்நானம் பெற்றுத் தயாரித்துக்கொண்டவர்களுக்கு உரியது.

கேள்வி: என் மகனுக்கு அடுத்த மாதம் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறான். மறைக்கல்வி வகுப்பில் ஒப்புக்கொடுக்காத ஓஸ்தியைக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். "பேப்பர் மாதிரி இருக்கு, பிடிக்கலை" என்கிறான். இன்னும் ஓர் ஆண்டு தள்ளிப்போடலாமா?
(தாய், உட்லண்ட்ஸ்)

பதில்: தள்ளிப்போட வேண்டாம். ருசி இல்லை என்று உண்மையைச் சொல்கிற பிள்ளை நல்ல பிள்ளை. 1910இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் புதுநன்மை வயதை ஏறத்தாழ ஏழு வயதுக்குக் கொண்டுவந்தபோது பிள்ளைகளிடம் கேட்டது மிகக் கொஞ்சம்: இது சாதாரண அப்பம் இல்லை என்று தெரிந்தால் போதும். நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர வேறு எதுவும் சாப்பிடக் கூடாது என்பதை இப்போதே வீட்டில் பழக்குங்கள். அந்தச் சிறு பசி அவனுக்கு விளக்கவுரையைவிட நன்றாகப் புரியவைக்கும்.

என் அம்மா காலத்தில் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீரும் தொடமாட்டார்களாம். சட்டம் தளர்ந்த பிறகும் அம்மா அப்படியேதான் இருந்தார். சிராங்கூன் சாலைப் பக்கத்திலிருந்து ஓஃபிர் சாலையில் உள்ள லூர்து அன்னை ஆலயத்துக்கு, 1888இல் திறந்த கோவில் அது, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு வெறும் வயிற்றோடு நடப்பார். பூசை முடிந்து வெளியே வந்ததும் முந்தானை முடிச்சில் இருந்து காசு எடுத்து எனக்கு மட்டும் ஆப்பம் வாங்கித் தருவார். "எனக்கு நிறைஞ்சிருக்கு" என்பார். ஏழு வயதில் அது எனக்குப் பொய்யாகத் தெரிந்தது.

கேள்வி: டீச்சரம்மா, நான் சிவகங்கைக்காரன். துவாஸ் பக்கம் தங்குவிடுதியில் இருக்கிறேன், கட்டுமான வேலை. ஞாயிற்றுக்கிழமையும் பெரும்பாலும் வேலை இருக்கும். பூசை பார்த்து ஏழு வாரம் ஆகிறது. அம்மா போனில் கேட்டால் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். இது சாவான பாவமா? நற்கருணை வாங்க எனக்கு இனித் தகுதி உண்டா?
(துவாஸ்)

பதில்: தம்பி, வேலை கட்டாயத்தால் ஞாயிறு பூசைக்குப் போக முடியாதவருக்கு அது பாவம் இல்லை. திருச்சபைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அம்மாவிடம் சொன்ன பொய் வேறு விஷயம். அதை இந்த வாரமே போனில் சரிசெய்துவிடுங்கள், அவர் கோபிக்கமாட்டார். ஒரு வழியும் இருக்கிறது. சனிக்கிழமை மாலைப் பூசை ஞாயிறு கடனுக்குச் சமம். சனிக்கிழமை சீக்கிரம் வேலை முடிகிற நாளில் போங்கள். பூசைக்கு முன்னால் ஃபாதரிடம் ஐந்து நிமிடம் ஒப்புரவு கேளுங்கள், பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுங்கள். தகுதி பற்றிய பயம் அங்கேயே தீர்ந்துவிடும். தமிழ்ப் பூசை வேண்டுமென்றால் ஓஃபிர் சாலைக் கோவில் இருக்கிறது.

அதுவும் முடியாத வாரங்களுக்காக ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பீட்டர் தோ ரோட், பாப்புவா நியூ கினியில் ரபாவுலுக்குப் பக்கத்தில் ரக்குனாய் என்ற ஊரின் உபதேசியார். 1912இல் பிறந்தவர், மனைவி பிள்ளைகள் உள்ளவர். 1942 ஜனவரி 23 அன்று ஜப்பானியப் படை ரபாவுலைப் பிடித்தது. மூன்று வாரம் கழித்துச் சிங்கப்பூர் விழுந்தது. இங்கே பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களில் பலரைக் கப்பலேற்றி ரபாவுல் இருக்கும் தீவுக்குத்தான் கூலி வேலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே குருக்களை எல்லாம் முகாமில் அடைத்துவிட்டதால் பங்கு மக்கள் முழுவதும் தோ ரோட்டின் பொறுப்பானார்கள். கோவிலை இடித்த பிறகு காட்டுக்குள் கிளைகளால் ஒரு கோவில் கட்டினார். திருப்பாத்திரங்களை மண்ணில் புதைத்து மறைத்தார். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், திருமணங்களுக்குச் சாட்சி நின்றார். நோயாளிக்கும் சாகக் கிடப்பவருக்கும் நன்மை வேண்டுமே. அதற்காகக் குருக்கள் அடைபட்டிருந்த வுனபோப்பே வரை தொலைதூரம் நடந்துபோய், ஒப்புக்கொடுத்த அப்பத்தை வாங்கி, மறைவாகக் கொண்டுவருவார்.

அந்த நடையை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். வழியில் சிப்பாய்கள் இருந்திருப்பார்கள். ஒரு காலத்தில் பீடமும் மணியும் தூபமும் சூழ இருந்த நற்கருணை, அப்போது ஒரு மனிதனின் உடம்போடு ஒட்டி, வியர்வை வாடையோடு, காட்டுப் பாதையில் போய்க்கொண்டிருந்தது. 

ஜப்பானியர் பலதார மணத்தை அனுமதித்தபோது அவர் எதிர்த்துப் பேசினார். சிறையில் போட்டார்கள். 1945 ஜூலையில் விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். அப்போது வயது 33. நான் முன்பு சொன்ன அந்த அக்டோபர் 19 அன்று அவர் புனிதரானார், பாப்புவா நியூ கினியின் முதல் புனிதர்.

நீங்கள் மறைசாட்சியாக வேண்டாம், தம்பி. ஞாயிறு காலை லாரியில் ஏறும் முன், அன்றைய நற்செய்தியைக் கைப்பேசியில் ஒருமுறை படியுங்கள். ஆண்டவரே, இன்று உம்மை அப்பமாக வாங்க முடியவில்லை, மனத்தளவில் என்னிடம் வாரும் என்று உங்கள் சொந்த வார்த்தையில் கேளுங்கள். 2020 பிப்ரவரியில் நோய்த்தொற்றால் இங்கே பூசைகளை நிறுத்தியபோது, நாங்கள் எல்லாரும் மாதக்கணக்கில் அதைத்தான் செய்தோம். முதல் வாரம் எனக்கு அது வெறும் சொல்லாக இருந்தது. ஐந்தாறு வாரம் கழித்து, சொல்லும்போதே தொண்டை அடைத்தது.

உங்கள் விடுதியில் இன்னும் கத்தோலிக்கப் பிள்ளைகள் இருப்பார்கள். ராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பெயர்களாகப் பார்த்துக் கேளுங்கள், அந்தோணி, சவரி, மிக்கேல் என்று ஒருவராவது அகப்படுவார். இரண்டு பேர் போதும். இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் மாடிப்படியில் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கட்டும். தமிழில் ஞாயிறு வாசகங்கள் உள்ள சிறு புத்தகம் என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. இதழ் அலுவலகத்துக்கு உங்கள் விடுதி முகவரியை எழுதி அனுப்புங்கள். இரண்டையும் அனுப்பிவைக்கிறேன்.